உங்களுக்குத் தெரியுமா? – மூச்சிரைக்க ஓடுபவர்கள்

● சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் பரம்பரையாக வரும் நோய். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும். அந்த மரபணுவை 1989-ல் கண்டுபிடித்தார்கள். நுரையீரலின் சளி பசைபோல் இறுகிக் குழாய்களை அடைப்பதுதான் இதில் பெரிய தொல்லை.

● சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாம் இழுக்கும் ஒரு மூச்சு சுமார் அரை லிட்டர். அதில் 150 மில்லி அளவு காற்று, ரத்தத்தோடு கலக்காமல் குழாயிலேயே நின்று திரும்பிவிடும். இந்த நோயாளிகளுக்கு அப்படி வீணாகும் பங்கு இன்னும் அதிகம். ஆகவே அதே மாடிப்படியை ஏற அவர்கள் கூடுதலாக மூச்சு வாங்க வேண்டும். ஆனால் நோய் லேசாக இருக்கும் பெரியவர்கள் பலருக்கு நுரையீரலுக்கு முன்பே கால்கள்தான் தளர்கின்றன! ஊதிப் பார்க்கும் சோதனை மட்டும் போதாது, சைக்கிள் மிதிக்கவிட்டு மூச்சை அளக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

● 1992-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 109 நோயாளிகளின் உடல்திறனை அளந்து 8 ஆண்டுகள் கவனித்தது. உழைக்கும்போது ஆக்சிஜனை நன்றாகப் பயன்படுத்தியவர்களில் 83 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள்; மிகக் குறைவாகப் பயன்படுத்தியவர்களில் 28 சதவீதம்தான். உடற்பயிற்சிதான் ஆயுளைக் கூட்டியது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. நோய் முற்றியவரால் ஓட முடியாதுதானே. ஆனாலும் நுரையீரலின் நிலையைக் கணக்கில் சேர்த்துப் பார்த்த பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை. இந்தத் துறையில் என்னை அதிகம் யோசிக்கவைத்த எண்கள் இவை.

● 1948-ல் நியூயார்க் வெயிலில் இந்த நோயுள்ள குழந்தைகள் சுருண்டு விழுந்தார்கள். காரணம் தேடிய மருத்துவர் பால் டி சான்ட் ஆக்னீஸ், அவர்களின் வியர்வையில் உப்பு மிக அதிகம் என்று கண்டார். நோயைக் கண்டறிய இன்றும் வியர்வைச் சோதனைதான். இதில் ஓர் ஆபத்து உண்டு: நீரோடு உப்பும் சேர்ந்து வெளியேறுவதால் தாகம் சரியாக எடுக்காது. எனவே பயிற்சியின்போது, தாகத்துக்குக் காத்திராமல் உப்பு கலந்த நீரை இடையிடையே குடித்தே ஆக வேண்டும்.

● 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன் பிறகு 42 கிலோமீட்டர் ஓட்டம். இதுதான் அயர்ன்மேன் போட்டி. கனடாவின் லிசா பென்ட்லி இந்த நோயோடு 11 அயர்ன்மேன் பட்டங்களை வென்றவர்.

● ஓடினால் சளி இளகி வெளியே வரும். ஆனால் இந்த நோயுள்ள இருவர் ஜோடியாக ஓடக் கூடாது. ஒருவர் நுரையீரலில் குடியிருக்கும் கிருமி மற்றவருக்குத் தொற்றிவிடும் என்பதால், ஏறக்குறைய 2 மீட்டர் தள்ளியே இருக்கச் சொல்கிறார்கள். அதனால் அவரவர் வீட்டிலிருந்தபடி காணொலியில் முகம் பார்த்துச் சேர்ந்து பயிற்சி செய்கிறார்கள்.