நல்ல எண்ணமும் ஏமாற்றலாம்: இஞ்ஞாசியார் காட்டிய சோதனை

"கடவுள் என்னிடம் பேசினார்." செபக்கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் சொல் இது. ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து யாரிடமாவது கொடுப்பது, டாக்டர் தந்த மருந்தை நிறுத்துவது, பார்த்துக்கொண்டிருக்கும் வேலையை விடுவது போன்ற முடிவுகள்கூட சில வேளைகளில் இந்த ஒரு சொல்லை நம்பியே எடுக்கப்படுகின்றன. பேசியது கடவுள்தானா, அல்லது சொந்த ஆசையா?

ஆவிகளைச் சோதித்து அறியும்படி யோவானின் முதல் திருமுகம் 4ஆம் அதிகாரம் கேட்டுக்கொள்கிறது. எப்படிச் சோதிப்பது என்பதைத் தன் அனுபவத்திலிருந்தே எழுதி வைத்தவர், ஸ்பெயின் நாட்டின் லொயோலா இஞ்ஞாசியார். 1545இல் மலாக்காவுக்கு வந்த புனித சவேரியாரின் பாரிஸ் நகரத் தோழர் இவர்.

இஞ்ஞாசியார் முதலில் சாமியார் அல்லர், போர் வீரர். 1521இல் பம்பலோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு அவர் காலை முறித்தது. படுக்கையில் பொழுது போக வீரக் கதைகள் கேட்டார். வீட்டில் இருந்தவையோ கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும்தாம். அவற்றையே வாசித்தார். இடையிடையே, தான் விரும்பிய ஒரு சீமாட்டியை எண்ணியும் மணிக்கணக்கில் கனவு கண்டார்.

இரண்டு வகை நினைவுமே அந்த நேரத்தில் இனித்தன. ஆனால் சீமாட்டியைப் பற்றிய கனவு கலைந்த பின் மனம் வறண்டு கிடந்தது. புனிதர்களைப் போல வாழும் நினைவுக்குப் பிறகோ நிறைவு தங்கியது. இந்த வேறுபாட்டை அவர் கவனித்ததுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். ஓர் எண்ணம் வரும்போது எவ்வளவு இனிக்கிறது என்பதைவிட, போன பிறகு எதை விட்டுச் செல்கிறது என்பதை அவர் பார்க்கத் தொடங்கினார்.

தமிழ்க் கத்தோலிக்கர் இதைத் 'தெளிந்து தேர்தல்' என்கின்றனர். திருக்குறளின் 51ஆம் அதிகாரமான 'தெரிந்து தெளிதல்' தமிழ் படித்தவர்களுக்கு உடனே நினைவுக்கு வரும். அங்கே அரசன் பிறரைச் சோதிக்கிறான். இங்கே சோதிக்கப்படுவது தன் சொந்த மனம். இதுதான் கடினமும்கூட.

அடுத்து அவர் கற்ற பாடம் இன்னும் நுட்பமானது. 1522இல் மன்ரேசா என்ற ஊரில் கடுந்தவம் இருந்தபோது, பாம்பு போன்ற அழகிய ஒளி உருவம் ஒன்று அடிக்கடி அவர் கண்ணுக்குத் தெரிந்தது. பார்க்கப் பார்க்க ஆறுதலாக இருந்தது. பிறகு ஒருநாள் சிலுவையின் முன் நின்றபோது அதன் அழகு மங்கியிருந்தது. அது தீய ஆவியின் வேலை என்று முடிவு செய்து விலக்கினார். காட்சி வந்தது என்பதே சான்றாகாது என்பதை அவர் பட்டு உணர்ந்தார்.

அதே ஊரில், படுக்கப் போகும் நேரம் பார்த்து உயர்ந்த ஆன்மிகச் சிந்தனைகள் பொங்கி வந்தன. உறங்குவதற்கு ஒதுக்கியிருந்த கொஞ்ச நேரமும் பறிபோனது. நல்ல சிந்தனைதான், ஆனால் உடல் கெடுகிறதே என்று யோசித்து, அதை விட்டுவிட்டு உறங்கினார்.

இப்படிக் கற்றவற்றை 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்ற நூலில் விதிகளாகத் தந்தார். திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548இல் அதற்கு ஒப்புதல் அளித்தார். ஓர் எண்ணத்தின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் பார்க்க வேண்டும் என்கிறது ஒரு விதி. தொடக்கம் பக்தியாக இருந்து, முடிவு கலக்கத்திலோ முன்பு செய்துவந்த நன்மையைக் கைவிடுவதிலோ போய் நின்றால், அது நல்லதன்று. மனம் சோர்ந்திருக்கும்போது முன்பு எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்பது மற்றொன்று. வேலையை விடத் துடிப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்கலாம். எதிரி எப்போதும் இரகசியத்தையே விரும்புவான், ஆகவே மனத்தில் நடப்பதை விவரம் தெரிந்த ஆன்மிக வழிகாட்டியிடம் திறந்து சொல்ல வேண்டும் என்றும் எழுதினார். "யாரிடமும் சொல்லாதே" என்று எவராவது ஆன்மிகத்தின் பெயரால் சொன்னால், அந்த இடத்திலேயே சந்தேகப்படலாம்.

அந்த விதிக்குப் பின்னாலும் ஓர் அனுபவம் உண்டு. முப்பது வயதைக் கடந்த பிறகு பார்சலோனாவில் அவர் லத்தீன் படிக்கத் தொடங்கினார். மனப்பாடம் செய்ய உட்கார்ந்தாலே பக்தி உணர்வு பெருகும், பாடம் நிற்காது. செபத்திலும் பூசையிலும்கூட வராத உணர்வு, பாட வேளையில் மட்டும் ஏன் வருகிறது என்று அவருக்கு உறைத்தது. ஆசிரியரைக் கோவிலுக்கு அழைத்துப் போய் நடந்ததை முழுவதும் சொன்னார். இரண்டு ஆண்டுகள் வகுப்புக்குத் தவறாமல் வருவதாக வாக்கும் கொடுத்தார். அதன்பின் அந்தத் தொல்லை வரவில்லை.