அடியெடுத்துக் கொடுப்பது யார்?

பாட்டு வராமல் தவிக்கும் கவிஞர்களுக்கு அந்தமான் தீவுகள் சொல்லித்தரும் பாடம்

மெட்டு தயார். சந்தமும் தயார். 'தனத்தா தானன தானா' என்று நண்பர் ஹார்மோனியத்தில் வாசித்து, செல்போனில் பதிவுசெய்து அனுப்பியும் விட்டார். வராதது பாட்டு மட்டும்தான்.

2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறிய, ஆனால் எல்லோர் வாயிலும் இன்னமும் போர்ட் பிளேராகவே இருக்கும் நகரத்தில், ஒரு லாட்ஜ் அறையில் மூன்றாவது நாளாகக் காகிதத்தை முறைத்துக்கொண்டிருந்தேன். கேட்டது பெரிய காவியம் ஒன்றுமில்லை. ஸ்ரீமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி (1964) இலங்கைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழர்களில் சில குடும்பங்கள் 1970களில் நிகோபாரின் கச்சால் தீவு ரப்பர் தோட்டங்களில் குடியேற்றப்பட்டன. அவர்களைப் பற்றி உள்ளூர் நண்பர்கள் எடுக்கும் ஒரு சிறிய படத்துக்குப் பல்லவி ஒன்று, சரணம் இரண்டு. முப்பது வரிகூட இல்லை.

மொழிபெயர்ப்பு என்றால் பயமில்லை. மூலம் ஒன்று முன்னால் இருக்கும். இங்கே மூலமே நான்தான். 'அலைகடல்', 'அகதி', 'தாய்மண்' என்று எழுதுவதும் அடிப்பதுமாக ஒரு நோட்டுப் புத்தகம் காலி. கடலைப் பார்த்தால் பாட்டு வரும் என்று யாரோ சொன்னதை நம்பி மாலையில் கடற்கரையிலும் உட்கார்ந்து பார்த்தாயிற்று. கடல் இருந்தது. பாட்டு இல்லை.

பாட்டெழுதுகிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு நாளில் இந்த இடத்தில் வந்து நிற்கிறார்கள். இதற்கு ஆங்கிலத்தில் பெயரும் இருக்கிறது, புத்தகக் கடைகளில் வைத்தியமும் இருக்கிறது. தமிழில் இந்த நோய்க்குத் தனிப் பெயர் இல்லை. ஆனால் மருந்துக்குப் பெயர் இருக்கிறது: அடியெடுத்துக் கொடுத்தல்.

முதற்சொல் யாருடையது?

பெரிய புராணம் பாட உட்கார்ந்த சேக்கிழாருக்குத் தில்லையில் நடராசரே முதற்சொல்லை எடுத்துக் கொடுத்தார் என்பது ஐதீகம். கச்சியப்பருக்கும் அருணகிரிநாதருக்கும் முருகன் கொடுத்ததாகச் சொல்வார்கள். இதில் சுந்தரர் கதைதான் சுவாரசியமானது. கல்யாணத்தன்று வந்து வழக்காடி, 'நீ எனக்கு அடிமை' என்று ஓலை காட்டிய கிழவரைச் சுந்தரர் கோபத்தில் ஒரு சொல் சொல்லித் திட்டிவிடுகிறார். வந்தவர் சிவன் என்று தெரிந்து, திருவெண்ணெய்நல்லூரில் பாடச் சொன்னபோது எப்படிப் பாடுவது என்று திகைக்கிறார். 'திட்டினாயே, அந்தச் சொல்லிலேயே ஆரம்பி' என்பது சிவனின் யோசனை. தேவாரத்தில் அவருடைய முதல் பதிகம் அந்த வசவில்தான் தொடங்குகிறது.

பக்தியை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தாலும் கதையில் தொழில் ரகசியம் ஒன்று இருக்கிறது. முதற்சொல் மேலே எங்கோ இருந்து விழவில்லை. கவிஞரின் வாயிலிருந்தே, சண்டைக்கு நடுவே, ஏற்கனவே வந்துவிட்டது. அதைப் பாட்டு என்று அடையாளம் காட்ட இன்னொருவர் தேவைப்பட்டார். அவ்வளவுதான்.

படகு குடையும்போது ஒரு பாட்டு

இந்த ரகசியம் அந்தமானின் பூர்வகுடிகளுக்கும் தெரிந்திருந்தது. 1883இல் எட்வர்ட் ஹொரேஸ் மேன், 1888இல் மாரிஸ் விடால் போர்ட்மேன் ஆகிய பிரிட்டிஷ் அதிகாரிகளும், 1906 முதல் 1908 வரை இங்கே ஆய்வு செய்து 1922இல் புத்தகம் வெளியிட்ட மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரௌனும் பெரிய அந்தமானியர்களின் பாட்டு வழக்கத்தை விவரமாகப் பதிவு செய்திருக்கிறார்கள். அதில் முதல் ஆச்சரியம்: அவர்களிடையே 'கவிஞர்' என்று தனியாக ஒருவர் கிடையாது. ஆண்கள் எல்லோரும் தத்தம் பாட்டைத் தாமே கட்டுவார்கள். சிறுவயதிலேயே பழக ஆரம்பித்துவிடுவார்கள்.

பாட்டுக்கென்று யாரும் தனியாகப் போய் உட்காருவதில்லை. மரத்தைக் குடைந்து படகு செய்கிறபோது, வில் செதுக்குகிறபோது, துடுப்பு போடுகிறபோது வாய்க்குள்ளேயே மெல்லப் பாடிப் பார்த்துக்கொள்வார்கள். கை ஒரு தாளத்தில் போகும். சொல் அதன் பின்னால் வரும். திருப்தி வருகிறவரை இப்படியே. பாட்டின் விஷயமும் பெரிதாக இருக்காது. பன்றி வேட்டை, மீன்பிடிப்பு, படகு கட்டியது என்று அன்றாடம் செய்ததும் பார்த்ததும்தான். ஓரிரு வரி, ஒரு பல்லவி. மெட்டோ மூன்று நான்கு ஸ்வரங்களுக்குள் அடங்கிவிடும்.

பாட்டு தயாரானதும் நேராக அரங்கேற்றம் இல்லை. அடுத்த நடனத்துக்குக் காத்திருக்க வேண்டும். அதற்கு முன்பு பின்பாட்டுப் பாடும் பெண்கள் ஓரிருவருக்குப் பல்லவியைச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். நடன இரவில் கேடய வடிவத்தில் செதுக்கிய படாக் மரப் பலகை ஒன்று தரையில் கிடக்கும். பாடுகிறவர் அதைக் காலால் உதைத்துத் தாளம் போடுவார். வரிசையாக உட்கார்ந்த பெண்கள் தொடையில் தட்டிக்கொண்டு பல்லவியை வாங்கிப் பாடுவார்கள். கூட்டத்துக்குப் பிடித்துவிட்டால் அதே பாட்டு திரும்பத் திரும்ப ஒலிக்கும். அவருடைய கையிருப்பில் சேர்ந்துவிடும். பிடிக்கவில்லையா? பாட்டைக் கைவிட்டுவிடுவார். அவமானம் ஒன்றும் இல்லை. நாளைக்கு வேறு படகு, வேறு பாட்டு.

மேன் இன்னொன்றும் சொல்கிறார். தாளத்துக்கு உட்கார வேண்டும் என்பதற்காகச் சொற்களை வெட்டியும் நீட்டியும் அடையாளம் தெரியாமல் ஆக்கிவிடுவார்களாம். பாட்டின் பொருளைப் பாடினவரே பேச்சு மொழியில் விளக்க வேண்டியும் வருமாம். கோடம்பாக்கத்தில் மெட்டுக்குப் பாட்டெழுதி, அர்த்தம் கேட்டவர்களுக்கு விளக்கம் சொன்ன எந்தக் கவிஞருக்கும் இது புரியாத கஷ்டம் இல்லை.

லாட்ஜ் அறையில் நான் செய்துகொண்டிருந்ததை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கை சும்மா இருந்தது. விஷயம் பெரிதாக இருந்தது. கேட்க யாருமில்லை. முதல் வரியே நிரந்தரமாக நிற்க வேண்டும் என்ற ஆசை வேறு. அவர்கள் செய்யாத நான்கையும் நான் ஒருசேரச் செய்துகொண்டிருந்தேன்.

காகிதம் இல்லாத கவிஞர்

'தனிமை இருந்தால்தான் எழுத முடியும்' என்று வாதிடுகிறவர்களுக்கு இதே ஊரில் ஒரு பதில் இருக்கிறது. 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறை. ஏழு சிறகுகளில் இன்று எஞ்சியிருப்பவை மூன்று. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிடக் கூடாது என்றே திட்டமிட்ட கட்டடம் அது. ஒரு வரிசை அறைகளின் வாசல் அடுத்த வரிசையின் முதுகைப் பார்த்திருக்கும்.

1911இல் இங்கே கொண்டுவரப்பட்டு 1921 வரை அடைபட்டிருந்தார் வி.தா. சாவர்க்கர். அவருடைய அரசியலைப் பற்றிய வாதம் ஓயப் போவதில்லை. இங்கே பேச்சு பாட்டைப் பற்றி மட்டும். பேனாவும் காகிதமும் மறுக்கப்பட்ட நிலையில் மராத்தியில் ஆயிரக்கணக்கான வரிகள் கட்டினார். 'கமலா' என்ற நெடுங்கவிதையும் அதில் ஒன்று. முள்ளாலும் ஆணியாலும் சுவரில் கீறுவது, மனப்பாடம் செய்வது, சுவருக்கு வெள்ளையடிக்கப்பட்டால் மறுபடி முதலிலிருந்து கீறுவது. பகலில் தேங்காய் மட்டையை அடித்து நார் எடுக்கும் வேலை, அல்லது மாடு இழுக்க வேண்டிய செக்கை இழுக்கும் வேலை.

தனிமை கவிதை தந்தது என்று இதற்கு அர்த்தம் சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கவிதைகள் வெளியே வந்த வழியில் மனிதர்கள் இருக்கிறார்கள். சக கைதிகள் வரிகளை மனப்பாடம் செய்து, விடுதலையானபோது தாயகத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதபடி கட்டிய சிறையிலும் பாட்டு தனக்குப் பின்பாட்டைத் தேடிக்கொண்டது.

எழுத ஒரு கை, கேட்க ஒரு காது

நம் சினிமாப் பாட்டின் கதையும் வேறல்ல. கண்ணதாசன் பெரும்பாலும் எழுதியதில்லை, சொன்னார். மெல்லிசை மன்னர் விஸ்வநாதன் ஆர்மோனியத்தோடு எதிரே இருப்பார். உதவியாளராக இருந்த பஞ்சு அருணாசலம் எழுதிக்கொள்வார். ஒரு வரி பிடிக்கவில்லை என்றால் அங்கேயே அடுத்த வரி. சிவாஜி கணேசன் நடித்து 1978இல் வந்த 'அந்தமான் காதலி'யின் பாட்டுகளும் இந்தக் கூட்டணியின் வேலைதான். 'கவிஞருக்கு வார்த்தை கொட்டும்' என்று ஊர் வியந்தது. கொட்டுவதற்கு எதிரே எப்போதும் ஒரு பாத்திரம் இருந்தது என்பதை ஊர் கவனிக்கவில்லை.

வாலிக்கு நேர்ந்தது இன்னும் நெருக்கடி. சென்னையில் வாய்ப்புக்கு அலைந்து சலித்து, ஊரைவிட்டே போய்விடுவது என்று முடிவுகட்டியிருந்த நேரம். பார்க்க வந்த பி.பி. ஸ்ரீநிவாஸ், 'சுமைதாங்கி' (1962) படத்துக்காகத் தான் பாடிய பாட்டைப் பாடிக் காட்டினார். எழுதியவர் கண்ணதாசன். அதைக் கேட்டு மூட்டையை அவிழ்த்துவிட்டதாக வாலியே பலமுறை சொல்லியிருக்கிறார். பிற்பாடு கண்ணதாசனுக்குப் போட்டி என்றே பேசப்பட்டவருக்கு, போக இருந்த காலைத் தடுத்து அடியெடுத்துக் கொடுத்தது கண்ணதாசனின் பாட்டு.

பின்பாட்டு நின்றபோது

இதன் மறுபக்கத்தையும் இந்தத் தீவுகள் பார்த்திருக்கின்றன. 1858இல் ஆங்கிலேயர்கள் கைதிகளின் குடியிருப்பை அமைத்தபோது பெரிய அந்தமானியர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1877இல் வந்த தட்டம்மையும் மற்ற தொற்றுநோய்களும் அவர்களை வாரிக்கொண்டு போயின. 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961இல் 19 பேர். பிற்பாடு அவர்களை ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தியது அரசு.

அவர்களின் மொழிகளில் ஒன்று 'போ'. அதைப் பேசத் தெரிந்த கடைசி மனுஷி போவா சீனியர் 2010 ஜனவரி 26ஆம் தேதி இறந்தபோது அவருக்கு வயது சுமார் 85. 2004 சுனாமிக்குத் தப்பியவர். தன் மொழியில் பதில் சொல்ல ஆளில்லாமல் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். மற்றவர்களோடு பேச இந்தியைத்தான் பயன்படுத்த வேண்டியிருந்தது. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் மொழியியல் பேராசிரியர் அன்விதா அப்பி வந்து கேட்டபோது அவர் பாடினார், கதை சொன்னார். ஒலிநாடாவில் இன்று அந்தக் குரல் இருக்கிறது.

போவாவுக்குப் பாட்டு வராமல் போகவில்லை. கடைசிவரை நினைவில் இருந்தது. வாங்கிப் பாடத்தான் வரிசையாக உட்கார்ந்த பெண்கள் இல்லை. எழுத வரவில்லை என்று நாம் புலம்புவது ஒரு வாரத் துன்பம். பாட்டு இருந்தும் பல்லவியைச் சொல்லிக்கொடுக்க ஒருத்திகூட இல்லாத நிலைமை வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசக் கூசுகிறது. ஆனால் பாட்டுக்கு உயிர் எங்கே இருக்கிறது என்பதை அந்த இரண்டாவது துன்பம்தான் தெளிவாகக் காட்டுகிறது.

சிரட்டை

நான்காம் நாள் நோட்டை மூடிவைத்துவிட்டு நண்பர் வீட்டுக்குப் போனேன். 2011 கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளில் சுமார் 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ். ஆனாலும் தமிழ் பேச ஆள் தேட வேண்டியிருந்தது என் மூடத்தனம்தான். நண்பரின் தாயார் கச்சாலில் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தவர். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. வேலையைப் பற்றிக் கேட்டேன். சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டே சொன்னார்.

விடிவதற்கு முன்பே எழுந்திருப்பது, கத்தி தீட்டுவது, பட்டை ஆழமாகப் போகாமல் கீறுவது, மழை வந்தால் அன்றைய பால் வீணாவது என்று கதை போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மரத்தின் அடியிலும் கட்டியிருந்த சிரட்டை என்றார். சிரட்டை நிறைந்தது, சிரட்டை கவிழ்ந்தது, சிரட்டையில் மழைத் தண்ணீர் என்று பத்து தடவையாவது அந்தச் சொல் வந்திருக்கும். துருவி முடித்த தேங்காய்ச் சிரட்டையும் அவர் கையில்தான் இருந்தது.

சிரட்டை. தனத்தா.

மெட்டின் முதல் சீருக்கு மூன்று நாளாக நான் தேடிய சொல். கடலும் இல்லை, தாய்மண்ணும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து இரண்டு வரி கட்டி மெட்டோடு பாடிக் காட்டினேன். முதல் வரியைக் கேட்டுத் தலையாட்டினார். இரண்டாவது வரியில் நான் மரம் அழுவதாக எழுதியிருந்தேன். பால்வெட்டுகிறவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள் என்று சிரித்தார். அந்த வரியை அங்கேயே விட்டுவிட்டேன்.

பாட்டு பிரமாதம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். பல்லவி மட்டும் மூன்று தடவை மாறியது. ஆனால் கடைசியாக நண்பர் ஆர்மோனியத்தில் வாசித்தபோது சமையலறையிலிருந்து அந்த அம்மா பல்லவியை வாங்கிப் பாடினார். யாரும் கேட்டுக்கொள்ளாமலே.