குழாய் நீருக்கு விலை வைப்பவர் யார்?

டில்லி கரோல்பாகிலும் மும்பை மாதுங்காவிலும் வாழும் நம்மவர் வீடுகளுக்கு மின்சாரப் பில்லும் வருகிறது. தண்ணீர்ப் பில்லும் வருகிறது. மின்கட்டணத்தை நிர்ணயிக்கும் ஆணையம், அதற்குமுன் பொதுமக்களின் ஆட்சேபங்களைக் கேட்டாக வேண்டும் என 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் நாடு முழுவதற்கும் விதித்திருக்கிறது. தண்ணீருக்கு அத்தகைய பொதுச் சட்டம் கிடையாது.

காரணம் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. தண்ணீர் வழங்கல், ராஜ்யங்களின் பட்டியலில் 17ஆவது இனமாகும். 1993 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்த 74ஆவது திருத்தம், அதை நகரசபைகளுக்குரிய காரியங்களுள் ஒன்றாகக் குறித்தது. ஆனால் 243 டபிள்யூ ஷரத்து, ராஜ்ய சட்டசபை இவ்வதிகாரத்தை நகரசபைக்கு 'அளிக்கலாம்' என்கிறதேயன்றி, 'அளிக்க வேண்டும்' என்று கூறவில்லை. அந்த 'லாம்' எவ்வளவு கனமானது என்பதை என் போன்ற மொழிபெயர்ப்பாளர் நன்கறிவர். பூசல்களுக்கெல்லாம் அதுவே இடம் தருகிறது.

ஆகவே ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. பெங்களூரில் 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த குடிநீர் வாரியம் நீர் வழங்குகிறது, நகரசபை அன்று. ராஜ்ய சர்க்காரின் இசைவின்றிக் கட்டணம் உயராது. 2014க்குப் பின் 2025இல்தான் உயர்ந்தது. டில்லியில் மாநகராட்சியின் கீழிருந்த பணி 1998இல் ஜல் போர்டுக்குச் சென்றது. ஆயினும் புதுடில்லி நகரசபைப் பகுதியிலும் கன்டோன்மென்டிலும் போர்டிடம் மொத்தமாக நீர் பெற்று, வீடுகளுக்குப் பில் அனுப்புவோர் அந்தந்த ஸ்தாபனத்தாரே. முறையீட்டை ஜல் போர்டுக்கு எழுதினால் பயனில்லை.

மகாராஷ்டிரம் 2005இல் நீர்வள ஒழுங்குமுறை ஆணையம் ஒன்றைச் சட்டத்தால் நிறுவியது. அணைநீரின் மொத்த விலையை அது நிர்ணயிக்கும். மும்பை வீட்டுக் குழாயின் விலையை மாநகராட்சியே வைக்கும். வயலுக்கு எவ்வளவு, ஆலைக்கு எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு எனப் பங்கிடும் அதிகாரமோ, 2011ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மந்திரிசபைக்கே போய்விட்டது. ஆணையத்தை அமைத்துவிட்டு அதன் முக்கிய வேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டது விந்தையே.

வழக்கு என்று வந்தால் கோர்ட்டார் இன்னொன்றும் கேட்பர்: இது வரியா, கட்டணமா? சென்னை ராஜ்யத்து சீரூர் மடத்து வழக்கில் 1954இல் சுப்ரீம் கோர்ட்டு இப்பாகுபாட்டை விளக்கிற்று: வரி பொதுச் செலவுக்கு, கட்டணம் செய்த சேவைக்கு. பின்வந்த தீர்ப்புகள் இதைச் சற்றுத் தளர்த்தியுள்ளன. எனினும் பில்லில் 'வரி' என்ற தொகையும், மீட்டர்ப்படி வந்த தொகையும் தனித்தனியே இருக்கின்றனவா, எந்தச் சட்டத்தின் பெயரால் அவை கேட்கப்படுகின்றன என்பதை முதலில் பார்க்க வேண்டும். முறையீடு செல்ல வேண்டிய கதவு எது என்பது அதிலிருந்துதான் தெரியும்.