எல்சியூ: டில்லியும் விக்ரமும் எப்போ சந்திப்பாங்க?

2019 அக்டோபர் 25. ‘பிகில்’ வந்த அதே நாளில்தான் ‘கைதி’யும் ரிலீஸ். சினிமா விநியோகஸ்தர்கள் ‘செங்கல்பட்டு ஏரியா’ என்று சொல்லும் பகுதியில், ஈசிஆரில் மாமல்லபுரம் போகிற வழியில் ஏதோ ஒரு தியேட்டரில், ‘பிகில்’ டிக்கெட் கிடைக்காமல் ‘கைதி’க்குள் நுழைந்தவரா நீங்க? அப்படின்னா ஒரு யுனிவர்ஸின் முதல் ஷோவைத் தெரியாமலே பார்த்திருக்கீங்க!

மார்வெல், ‘அயர்ன் மேன்’ (2008) தொடங்கி ஐந்து படங்களில் ஹீரோக்களை அறிமுகப்படுத்திவிட்டு, 2012-ல் ‘அவெஞ்சர்ஸ்’ எடுத்தது. லோகேஷ் கனகராஜோ, ‘விக்ரம்’ (2022) வெளியாவதற்கு முந்தைய நாள்தான் “கைதியை மறுபடி பார்த்துட்டு வாங்க” என்ற பொருளில் ட்வீட் போட்டார். காரணம் கடைசியில் புரிந்தது. ‘கைதி’யின் அடைக்கலமும் அன்பும் ரோலக்ஸ் முன்னால் வந்து நின்று, டில்லியைப் பற்றிச் சொல்கிறார்கள். இன்ஸ்பெக்டர் பிஜாயும் வந்துவிட்டார்.

கவனிச்சீங்களா, படம் விட்டுப் படம் போனதெல்லாம் வில்லன்களும் போலீஸும்தான். டில்லியும் விக்ரமும் இந்த மூன்று படங்களில் ஒரே ஃபிரேமில் நின்றதே இல்லை. ‘லியோ’வில் (2023) விக்ரமின் குரல் மட்டும் கேட்டது.

என்னைக் கேட்டால், இதுவரை இந்த யுனிவர்ஸின் ஹீரோ கான்ஸ்டபிள் நெப்போலியன்தான். திருச்சி கமிஷனர் ஆபீஸைக் காப்பாற்றிய கையோடு, ‘லியோ’ வீட்டுக் காவலுக்கு இமாச்சல் வரை போய்விட்டார்.