கட்டிய வீடு காக்கும் வீடாக

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார்" என்பது நம் முன்னோர் பட்டறிந்து சொன்ன சொல். நகையை அடகு வைத்து, கடன் வாங்கி, வெளியூரில் உழைக்கும் மகன் அனுப்பும் பணத்தையும் சேர்த்து ஒரு குடும்பம் வீடு கட்டுகிறது. பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே முறைதான் அந்த வாய்ப்பு வாய்க்கிறது. அந்த ஒரு முறையில் நேரும் குறை பிள்ளைகளின் காலத்துக்கும் தொடர்கிறது. ஆகவே, வீட்டுக்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்கும் நாம், இவ்வீடு நம்மைக் காக்குமா என்றும் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம். செங்கற்பட்டு முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் கரை வரை வாழ்வோர்க்கு இது ஏட்டுக் கேள்வி அன்று. புயல், வெள்ளம், ஆழிப்பேரலை, கோடை வெப்பம் ஆகிய நான்கையும் கண்டவர்கள் நாம்.

புதுமனை மந்திரிக்க நாம் செல்லும் இல்லங்களில் வண்ணப் பூச்சையும், வழுவழுப்பான தரையையும், வாசற்கதவின் வேலைப்பாட்டையும் பெருமையோடு காட்டுவார்கள். "அஸ்திவாரம் எவ்வளவு ஆழம்? தளத்துக்கு எத்தனை நாள் தண்ணீர் கட்டினீர்கள்?" என்று கேட்டால், "அதெல்லாம் மேஸ்திரிக்குத்தான் தெரியும், சாமி" என்ற விடையே வரும். உயிரைக் காக்கும் இடமோ கண்ணுக்குத் தெரியாத இடம். அதைப் பற்றியே இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கடல் கற்பித்த பாடம்

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுமத்திரா அருகே கடலடியில் எழுந்த நிலநடுக்கம் அன்று காலை நம் கரைக்கு ஆழிப்பேரலையை அனுப்பியது. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். நம் பகுதியில் கல்பாக்கம் குடியிருப்பிலும் உயிர்ச்சேதம் நேர்ந்தது. அணுமின் நிலையத்தின் பம்பு அறையில் கடல்நீர் ஏறியதால், இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது.

அதே அலை மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் மணலை அரித்து, எழுத்துப் பொறித்த பாறை ஒன்றை வெளிப்படுத்தியது. அதைத் தொடர்ந்து 2005-இல் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது முருகன் கோயில் ஒன்று வெளிப்பட்டது. மேலே பல்லவர் காலக் கருங்கல் கட்டடம். அதன் கீழே, சங்க காலத்தது எனக் கருதப்படும் செங்கற்கோயில். அந்தப் பழைய கோயிலைக் கடற்பெருக்கே அழித்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர் கருதினர். அஃதாவது, கடல் இக்கரையில் ஏறி வருவது புதிதன்று. முன்னோரின் கட்டடத்தை அது ஒருமுறை கொண்டுபோயிற்று. பின்வந்தோர் அதே இடத்தில் மீண்டும் கட்டினர்.

2005-இல் தமிழக அரசு வகுத்த வீட்டுத் திட்டம் இந்த வழக்கத்தை மாற்ற முயன்றது. அலை ஏற்றக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் வீடு ஏற்போர்க்கு, ஒன்றரை இலட்சம் ரூபாய் மதிப்பில், சுமார் 325 சதுர அடியில் இலவச வீடு கட்டித் தரப்பட்டது. தொண்டு நிறுவனங்கள் பலவும் இப்பணியில் தோள் கொடுத்தன. குடிசைக்கு மாறாகக் கான்கிரீட் தளம் கிடைத்தது பெரும் பேறே. ஆயினும் அவ்வீடுகள் பலவற்றில் சில ஆண்டுகளிலேயே கூரைப் பூச்சு பெயர்ந்து கம்பி வெளியே தெரிந்ததைக் கரையோர மக்கள் அறிவர். இடம் மாறியது, கட்டும் முறை மாறவில்லை. பாதிப் பாடத்தைத்தான் நாம் கற்றோம்.

கொல்வது பூமியா, கட்டடமா?

மீதிப் பாடத்தை 2010-ஆம் ஆண்டு உலகுக்கே காட்டியது. அவ்வாண்டு ஜனவரி 12-இல் ஹெய்ட்டி நாட்டில் 7.0 அளவில் நிலம் நடுங்கியது. இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். தலைநகரின் பேராலயம் இடிந்தது, பேராயரும் உயிரிழந்தார். அடுத்த மாதம் 27-ஆம் நாள் சிலி நாட்டில் 8.8 அளவில் நிலம் நடுங்கியது. அதன் ஆற்றல் முன்னதைப்போல் ஏறத்தாழ 500 மடங்கு. இறந்தோர் ஐந்நூற்றுச் சொச்சம் பேர். ஹெய்ட்டியின் நடுக்கம் தலைநகருக்கு மிக அருகில் நேர்ந்தது என்பது உண்மையே. ஆனால், 1960-இல் பேரழிவைக் கண்ட சிலி மக்கள் கட்டட விதிகளைக் கடுமையாக்கி, அவற்றைக் கடைப்பிடித்தும் வந்தனர் என்பதே பெரிய வேறுபாடு.

நம் நாட்டுக்கு விதிகள் இல்லாமல் இல்லை. 2002-இல் திருத்தப்பட்ட நிலநடுக்க வரைபடம் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. ஆனால் விதி ஏட்டில் இருந்தால் போதுமா? 2014 ஜூன் 28-ஆம் நாள் போரூரை அடுத்த மவுலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழை பெய்துகொண்டிருந்தபோது சரிந்தது. 61 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஆந்திரம், ஒடிசா, தமிழகம் ஆகிய இடங்களின் ஏழைத் தொழிலாளர்கள். இடி விழுந்ததே காரணம் என்று முதலில் பேசப்பட்டது. விசாரணையோ கட்டுமானத்தின் குறைகளைச் சுட்டியது. எஞ்சி நின்ற மற்றோர் அடுக்ககமும் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. சீலோவாமில் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேரைக் குறித்து, அவர்கள் மற்றவரைவிடப் பாவிகளோ என்று நம் ஆண்டவர் கேட்டதை இங்கு நினைக்கிறோம். இறந்தவர் தலையில் பழி போடுவதும், எல்லாம் விதி என்று கைகழுவுவதும் கிறிஸ்தவருக்குத் தகாது.

உப்புக் காற்றும் கம்பியும்

கடலோர வீட்டின் கூரை ஏன் பெயர்கிறது? கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கும்போது பருக்கிறது; பருத்த கம்பி தன்னை மூடியுள்ள கான்கிரீட்டை உடைத்துத் தள்ளுகிறது. உப்புக் காற்று இதை விரைவுபடுத்துகிறது. ஆகவே கம்பிக்கு வெளியே உள்ள கான்கிரீட் போர்வை, அஃதாவது கொத்தனார் 'கவர்' என்று சொல்வது, கனமாக இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 2000-ஆம் ஆண்டுக் கான்கிரீட் விதிநூல், உள்ளூரில் மழை வெயில் படாத இடத்துக்கு 20 மில்லிமீட்டர் போதும் என்கிறது. கடற்கரைச் சூழலுக்கோ 45 மில்லிமீட்டர் வேண்டும் என்கிறது. செங்கற்பட்டில் போட்ட அதே தளத்தை கோவளம் குப்பத்தில் போடுவது தகாது.

அடுத்தது தண்ணீர். கலவை இளகலாக இருந்தால் பரப்புவது எளிது என்று, வேலை நடக்கும் இடத்தில் குடம் குடமாகத் தண்ணீர் சேர்க்கிறார்கள். மிகையான நீர் பின்னர் ஆவியாகி நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. உப்பு அவ்வழியே நுழைகிறது. ஆனால் தளம் இறுகிய பிறகு அதற்குத் தண்ணீர் வேண்டும். சாதாரணச் சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள்களும், சாம்பல் கலந்த சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள்களும் ஈரம் காயாமல் காக்க வேண்டும். கலவையில் குறைவாக, தளத்தின்மேல் நிறைவாக என்று நினைவில் வைத்தால் போதும். கடல் மணலைக் கலவையில் சேர்ப்பதோ கம்பிக்கு நஞ்சிடுவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, கட்டுப்பட்டை. மாட்டுவண்டிச் சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டை போடுவதுபோல், அஸ்திவாரத்தின் மேலும், கதவு சன்னல்களுக்கு மேலுள்ள லிண்டல் மட்டத்திலும், வீட்டின் எல்லாச் சுவர்களையும் சுற்றிக் கம்பியுடன் கூடிய கான்கிரீட் பட்டை ஓட வேண்டும். சன்னலுக்கு மட்டும் துண்டு லிண்டல் போட்டு நிறுத்துவதே நம்மூர் வழக்கம். நிலம் அசையும்போது சுவர்கள் மூலைகளில் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் விழுவது இதனால்தான்.

புயலின் வேலையோ வேறு. 2012 அக்டோபர் 31-இல் நீலம் புயலும், 2022 டிசம்பர் 9 இரவில் மாண்டஸ் புயலும் மாமல்லபுரம் அருகே கரை கடந்தன. காற்று கூரையை அழுத்துவதைவிட மேல்நோக்கி உறிஞ்சித் தூக்குகிறது. ஆகவே தகரமோ ஓடோ, எக்கூரையாயினும் கூரையைச் சட்டத்தோடும், சட்டத்தைச் சுவரோடும், சுவரை அஸ்திவாரத்தோடும் விடாமல் பிணைக்க வேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் கூரை பறக்கும்.

வெயிலைத் தாங்கும் வீடு

விழாத வீடு கிடைத்தது. அதில் உறங்க முடிகிறதா? வெறும் கான்கிரீட் தளம் பகலில் குடித்த வெயிலை இரவில் வீட்டுக்குள் உமிழ்கிறது. மின்விசிறி அனல்காற்றைச் சுழற்றுகிறது, குழந்தைகளும் முதியோரும் தவிக்கின்றனர், மின்கட்டணமும் ஏறுகிறது. நம் முன்னோர் அமைத்த மெட்ராஸ் தளத்தில் தேக்குக் கட்டைகளின்மேல் சிறு செங்கற்களைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லிச் சுருக்கி இடித்து, தட்டோடு வேய்ந்தார்கள். அக்கனம் வெயிலை உள்ளே விடாமல் தடுத்தது.

அத்தகைய அறிவைக் காண விரும்புவோர் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து நிறுத்தியிருக்கிறார்கள். அவ்வளாகத்தின் அமைப்புக்கு வழிகாட்டியவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் 1917-இல் பிறந்து, இந்தியாவையே தாயகமாக்கிக்கொண்டு, 2007-இல் திருவனந்தபுரத்தில் மறைந்த கட்டடக் கலைஞர். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்று காந்தியடிகள் சொன்னதைத் தம் வாழ்நாள் நெறியாகக் கொண்டவர். திருவனந்தபுரம் பேராயர் பெனடிக்ட் மார் கிரகோரியோஸ் அவருக்குப் பணிகள் அளித்து ஊக்குவித்தார். பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டில் செங்கற்களை நிறுத்தி வைத்துச் சுவருக்குள் இடைவெளி விடுவதால், ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகிறது. உள்ளிருக்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. அவர் போட்ட தளங்களில் கம்பிகளுக்கு இடையே பழைய மங்களூர் ஓடுகள் அமர்ந்து, கான்கிரீட்டின் அளவைக் குறைத்தன.

சிமென்டைச் சிக்கனமாகச் செலவிடுவதில் உலக நன்மையும் அடங்கியிருக்கிறது. மனிதர் வெளியேற்றும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமென்டு உற்பத்தியால் வருவது. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளரும் பிற நாட்டு ஆய்வாளரும் சேர்ந்து ஆராய்ந்த புதுவகைச் சிமென்டில் சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக் கல்லும் கலக்கப்படுகின்றன. கரியமில வாயு குறைவதோடு, உப்பு உட்புகுவதையும் அது நன்கு தடுக்கிறது. 2023-இல் அதற்கு இந்தியத் தரவிதியும் வெளியாயிற்று. இத்தனையும் இயலாதோர் மொட்டைமாடிக்கு ஆண்டுதோறும் வெள்ளைச் சுண்ணாம்பு பூசலாம். அச்சிறு செலவே அறையின் வெக்கையைத் தணிக்கும்.

குடியிருப்பவரைக் கேட்டுக் கட்டுதல்

இனி, யார் கட்டுவது என்பது கேள்வி. 2001 ஜனவரி 26-இல் குஜராத்தின் கச்சுப் பகுதி நிலநடுக்கத்தால் நொறுங்கியபோது, பெருவாரியான குடும்பங்களுக்கு உதவித்தொகையைத் தவணை தவணையாக நேரடியாகக் கொடுத்து, பொறியாளர் சரிபார்த்த பின்னரே அடுத்த தவணையை அளித்தனர். கொத்தனார்களுக்குப் பயிற்சியும் அளித்தனர். வீட்டுக்காரரே கண்காணிப்பாளரானார். தமிழகக் கரையிலோ பெரும்பாலும் பிறர் கட்டிச் சாவியைக் கையளித்தனர். விதிவிலக்கும் உண்டு. தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்புக்காக, பேக்கரிடம் பயின்ற கட்டடக் கலைஞர் பென்னி குரியாகோஸ் மீனவக் குடும்பங்களோடு கலந்து பேசி வரைபடம் தயாரித்தார். வலை வைக்க இடம், மீன் காய வைக்க முற்றம், பெண்கள் கூடிப் பேசத் திண்ணை ஆகியவற்றை, அங்கு வாழ்வோரைக் கேட்டாலன்றி எந்தப் பொறியாளர் அறிவார்?

ஆகவே குடும்பத் தலைவர்களும் இல்லத்தரசிகளும் கட்டுமானம் நடக்கும் நாள்களில் வேலை நடக்கும் இடத்தில் நின்று இவற்றைக் கேட்க வேண்டுகிறோம்: இந்த மனை பழைய ஏரியோ நீரோடையோ அன்று என்று விசாரித்தோமா? கம்பிக்கடியில் கவர் கட்டைகள் வைத்தார்களா? லிண்டல் பட்டை வீட்டைச் சுற்றிலும் ஓடுகிறதா? கலவையில் தண்ணீர் அளவோடு சேர்ந்ததா? தளம் எத்தனை நாள் ஈரமாக இருந்தது? இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. பளிங்குத் தரையில் சிறிது குறைத்தால் எல்லாம் ஈடாகும்.

ஆறாவது கேள்வி ஒன்றும் உண்டு. சாரத்தில் ஏறி நிற்கும் கொத்தனாரும், கல் சுமக்கும் சித்தாளும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா? 1994-இல் அமைந்த அவ்வாரியத்தின் விபத்து உதவியும், பிள்ளைகளின் கல்வி உதவியும் பதிவு செய்தோர்க்கே கிட்டும். நமக்கு வீடு தருபவரின் வீடு விளக்கின்றி இருக்கலாகாது.

பங்குகளிலும் செய்யத் தக்கது உண்டு. ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஒரு மணி நேரம் பங்கிலுள்ள பொறியாளரையும் மூத்த கொத்தனாரையும் பேச வைக்கலாம். வின்சென்ட் தே பவுல் சபையினர் ஏழைக்குக் கட்டித் தரும் ஒற்றை அறைக்கும் கட்டுப்பட்டை வைக்கலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் இளைஞர்கள் விதவைகள், முதியோர் இல்லங்களின் கூரைக் கட்டுகளைச் சோதித்து இறுக்கலாம்.

பாறைமீது வீடு கட்டிய புத்திமானை ஆண்டவர் புகழ்ந்தார். நம் கரையில் பாறை எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. பலர்க்கும் கிடைத்தது மணலே. அம்மணலின்மேல் பிள்ளைகளை அச்சமின்றி உறங்க வைக்கும் பொறுப்பு நம் கையில் இருக்கிறது. அடுத்த முறை நாம் புதுமனை மந்திரிக்க வரும்போது, வண்ணத்தைக் காட்டுமுன், லிண்டல் பட்டை எங்கே ஓடுகிறது என்று சொல்லுங்கள். மகிழ்ச்சியோடு தீர்த்தம் தெளிப்போம்.