சங்கக் கணக்கும் அதைக் காக்கும் கருவிகளும்

கூட்டுறவுச் சங்கத்தின் முக்கியமான சொத்து எது என்று கேட்டால், கட்டடம் என்றும், கிடங்கிலுள்ள நூல் என்றும், உர மூட்டைகள் என்றும் அன்பர்கள் பலவாறு விடை கூறுவர். இவையெல்லாம் சொத்துக்களே. ஆயினும் எந்த அங்கத்தினருக்கு எவ்வளவு பங்குத்தொகை உள்ளது, எவர் எவ்வளவு நூல் பெற்று எத்தனை சேலை நெய்து கொடுத்தார், யாருடைய பயிர்க்கடனில் எவ்வளவு செலுத்தப்பட்டது என்பவற்றைச் சொல்லும் கணக்கு இல்லையேல், மற்றச் சொத்துக்கள் யாருக்கு உரியவை என்பதே தெரியாமற் போய்விடும்.

அந்தக் கணக்கு முன்பு பேரேட்டில் இருந்தது. பேரேடு இரும்புப் பெட்டியில் இருந்தது. இன்றோ அது கணினிக்குள் புகுந்துவிட்டது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் 63,000 சங்கங்களைக் கணினிமயமாக்குவதற்கு, 2,516 கோடி ரூபாய் மதிப்பீட்டில், மத்திய அமைச்சரவை 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்கள் பலவும் கணினியிலேயே கணக்கெழுதி வருகின்றன. ஆகவே, நம் கணக்கு எந்தப் பொருளின்மேல் எழுதப்படுகிறது, அப்பொருள் எவ்வாறு கெடும், அதைக் காப்பது எப்படி என்பவற்றை அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஓரளவேனும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

நெசவாளர் அறிந்த அட்டை

இவ்விஷயம் நெசவாளர்க்கு முற்றிலும் புதியதன்று. ஜக்கார்டு தறியின்மேல் தொங்கும் துளையிட்ட அட்டைகளை நாம் அறிவோம். துளையுள்ள இடத்தில் ஊசி உட்புகுகிறது. அதற்குரிய பாவு இழை மேலெழுகிறது. துளையில்லாத இடத்தில் இழை கிடந்தபடியே கிடக்கிறது. உண்டு, இல்லை என்னும் இரண்டே குறிகளைக் கொண்டு மயிலும் அன்னமும் முந்தானையில் வந்துவிடுகின்றன. பிரான்ஸ் தேசத்து லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மரி ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டையொட்டி இம்முறையைச் செம்மைப்படுத்தினார். பின்னர், துளையிட்ட அட்டைகளில் விவரங்களைக் குறித்து, அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை யந்திரத்தால் எண்ணும் வழியை ஹெர்மன் ஹாலரித் என்பவர் அமைத்தார்.

கணினியிலுள்ள கணக்கும் இவ்விரண்டு குறிகளால் ஆனதே. அட்டையில் துளை செய்த வேலையை, ஹார்டு டிஸ்க் என்னும் வன்தட்டில் காந்தமும், பென் டிரைவில் மின்னூட்டமும் செய்கின்றன. முதல் வன்தட்டை 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்டது. இரண்டடி அகலமுள்ள 50 தட்டுக்களைக் கொண்ட அதன் எடை ஏறத்தாழ ஒரு டன். அதில் அடங்கியவையோ சுமார் 50 லட்சம் எழுத்துக்களே. இன்று விரல் நகமளவுள்ள அட்டையில் அதைப்போல் பல்லாயிரம் மடங்கு அடங்குகிறது. எனினும், கொள்ளளவு பெருகியதேயன்றிக் கெடும் இயல்பு நீங்கவில்லை.

எங்கள் சங்கத்தில் நேர்ந்தது

நான் நிர்வாகக் குழுவில் இருந்த ஒரு நெசவாளர் சங்கத்தில் நேர்ந்ததைக் கூறுகிறேன். ஒரு மார்ச் மாதத்துக் காலையில் சங்கக் கணினி இயங்க மறுத்தது. அதன் வன்தட்டிலிருந்து ‘டக், டக்’ என்று ஓசை மட்டும் வந்தது. “பென் டிரைவில் பிரதி இருக்கிறது” என்று எழுத்தர் கூறவே, எல்லோரும் நிம்மதியடைந்தோம். சைக்கிள் சாவியோடு கோத்திருந்த அந்தப் பென் டிரைவை வேறொரு கணினியில் செருகியபோது, “இதைப் பயன்படுத்துமுன் ஃபார்மேட் செய்யவேண்டும்” என்ற அறிவிப்பே வந்தது. வேறு பிரதி உண்டா என்று தேடியதில், எட்டு மாதங்களுக்கு முந்தைய பிரதி ஒன்றே அகப்பட்டது.

எட்டு மாதக் கணக்கையும் அங்கத்தினர்களின் பாஸ் புத்தகங்களைக் கொண்டு மறுபடி எழுதத் தொடங்கினோம். வயது முதிர்ந்த ஓர் அம்மாளின் பாஸ் புத்தகம் மழையில் நனைந்து எழுத்தழிந்துவிட்டிருந்தது. கூலியில் பிடித்தம் செய்த சேமிப்பு இவ்வளவு என்று அவர் ஒரு தொகையைச் சொன்னார். அவர் பொய் சொல்லுகிறவர் அல்லர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ‘தெரியும்’ என்பது தணிக்கையில் கணக்காகாது. ரசீதுகளின் அடிக்கட்டைகளைப் பழைய மூட்டைகளிலிருந்து தேடியெடுத்து, அவர் சொன்ன தொகை சரியே என்று காட்ட இரண்டு மாதங்களாயின. அதுவரை அந்த அம்மாள் வாரந்தோறும் வந்து, “என் பணம் இருக்கிறதா ஐயா?” என்று கேட்டுச் செல்வார். அக்கேள்வியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

கருவிகளின் குணமும் குற்றமும்

வன்தட்டுக்குள் தட்டுக்கள் நிமிஷத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. படிக்கும் முனை, தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் இடைவெளியில் மிதக்கிறது. தலைமயிரின் கனமோ ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். எனவே, ஓடும்போது கீழே விழுந்தால் முனை தட்டில் உராய்ந்து எழுத்தை அழித்துவிடக்கூடும். வழக்கமில்லாத ஓசை கேட்டால் மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது தவறு. உடனே நிறுத்தித் தக்கவரிடம் காட்டுதல் வேண்டும்.

எஸ்.எஸ்.டி. என்பதில் சுழலும் பாகம் எதுவுமில்லை, விரைவாக இயங்கும், அதிர்ச்சியையும் தாங்கும். ஆனால் முன்னறிவிப்பின்றி ஒரேயடியாக நின்றுவிடுவதும் உண்டு. பென் டிரைவும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. பெரும்பாலும் மலிவான உறுப்புக்களால் ஆனது. மின்சாரத் தொடர்பின்றி நீண்டகாலம் கிடந்தால் அதிலுள்ள மின்னூட்டம் சிறிது சிறிதாகக் கசிந்துவிடும். பென் டிரைவ் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு எடுத்துச் செல்வதற்கு உரியது; காத்து வைப்பதற்கு அதை மட்டும் நம்பலாகாது.

ஒரு காலத்தில் 1.44 மெகாபைட் கொள்ளும் பிளாப்பி தட்டில் கணக்கை வைத்திருந்த சங்கங்களுக்கு இன்று அதைப் படிக்கும் கருவி கிடைப்பதே அரிது. குறுந்தகட்டுக்கும் அந்நிலையே வந்துகொண்டிருக்கிறது. ஆகவே, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய பிரதிகளைப் புதிய கருவிக்கு மாற்றி எழுதுதல் வேண்டும்.

500 ஜிகாபைட் என்று வாங்கிய தட்டைக் கணினி 465 என்று காட்டுவதுண்டு. இது மோசடியன்று. விற்பவர் ஒரு ஜிகாபைட்டுக்கு 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார். கணினியோ 107 கோடிக்குச் சற்று மேல் என்று கணக்கிடுகிறது. ஒரே துணியைக் கஜத்தால் அளந்தால் ஓர் எண்ணும், மீட்டரால் அளந்தால் வேறோர் எண்ணும் வருவது போன்றதே இது. ஆனால், மிகக் குறைந்த விலைக்குப் பெருங்கொள்ளளவு எழுதி விற்கப்படும் போலிப் பென் டிரைவ்கள் உண்மையான மோசடியே. உள்ளிருப்பது சிறிதளவே, மிஞ்சியதை ஏற்பதுபோல் காட்டி இழந்துவிடும். வாங்கியவுடன் முழுவதும் நிரப்பித் திறந்து பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

சிறு பொருள்களிலும் கவனம் வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கணக்குக் கோப்பு சிதையக்கூடும். அதைத் தடுக்கவே யு.பி.எஸ். இருக்கிறது. அதன் பாட்டரி சில ஆண்டுகளில் தளர்ந்துவிடுமாதலால், அவ்வப்போது சோதித்து மாற்றவேண்டும். நூற்கிடங்கின் அருகே வைத்த கணினியில் பஞ்சுத் தூசி விசிறியை அடைத்து, சூடு மிகச் செய்யும். பென் டிரைவைப் பிடுங்குமுன், திரையில் ‘எஜெக்ட்’ என்பதை அழுத்தி, எழுதி முடிந்ததை உறுதி செய்துகொள்ளவேண்டும்.

பிரதி எடுக்கும் முறை

விவசாயி விதைநெல்லைச் சாப்பாட்டு நெல்லோடு ஒரே குதிரில் போட்டு வைப்பதில்லை. கணக்குக்கும் அதுவே நெறி. மூன்று பிரதிகள் இருக்கவேண்டும். அவை இருவகைக் கருவிகளிலாவது இருக்கவேண்டும். அவற்றுள் ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கவேண்டும். தீயோ, வெள்ளமோ, திருட்டோ வந்தால் ஒரே அறையிலுள்ள மூன்றும் ஒன்றாகவே போய்விடும். வெளியே செல்லும் பிரதிக்குக் கடவுச்சொல்லும் காவலும் வேண்டும் என்று கூறவேண்டியதில்லை. ஊருக்கு வெளியிலுள்ள பொதுக் கணினியில் கணக்கு இருக்கும் சங்கங்களும், தம் அலுவலகக் கணினியிலுள்ள கடிதங்களுக்கும் பட்டியல்களுக்கும் தனியே பிரதி எடுக்கவேண்டும்.

பிரதி எடுத்தவுடன் அக்கருவியைக் கணினியிலிருந்து கழற்றிவிடுவது முக்கியம். 2017-ஆம் ஆண்டு மே மாதம் ‘வானாக்ரை’ என்னும் தீநிரல் சுமார் 150 நாடுகளில் பரவி, கோப்புக்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இத்தகைய நிரல்கள் கணினியோடு இணைந்திருக்கும் பிரதியையும் சேர்த்துப் பூட்டிவிட வல்லவை.

எல்லாவற்றிலும் முக்கியமானது, பிரதியைத் திறந்து பார்ப்பது. 1998-இல் அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனத்தில், ‘டாய் ஸ்டோரி 2’ என்னும் படத்தின் கோப்புக்கள் தவறான ஒரு கட்டளையால் அழியத் தொடங்கின. காப்புப் பிரதிகளைத் தேடியபோது, அவை சரியாக எழுதப்படவில்லை என்று தெரிந்தது. குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்தே பணியாற்றிய கேலின் சுஸ்மன் என்ற பெண்மணியின் வீட்டுக் கணினியில் இருந்த பிரதியே படத்தைக் காப்பாற்றியது. பெரிய நிறுவனத்துக்கே அந்நிலை என்றால், சோதித்துப் பாராத பிரதியை நம் சங்கங்கள் நம்பியிருப்பது எங்ஙனம் பொருந்தும்?

அங்கத்தினர் கடமை

கணினி எழுத்தரின் பொறுப்பு, நமக்கு அதில் வேலையில்லை என்று அங்கத்தினர் இருந்துவிடலாகாது. அடுத்த மகாசபைக் கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நம் கணக்கின் பிரதிகள் எத்தனை? அவற்றுள் ஒன்று எந்தக் கட்டடத்தில் உள்ளது? கடைசியாக அதைத் திறந்து, பேரேட்டுத் தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்த தேதி எது? விடை நடவடிக்கைக் குறிப்பில் எழுதப்படட்டும். உங்கள் பாஸ் புத்தகத்தில் மாதந்தோறும் பதிவு செய்து வாங்கி, நனையாத இடத்தில் வையுங்கள். அதுவும் சங்கக் கணக்கின் ஒரு பிரதியேயாகும்.

நல்ல வன்தட்டொன்றின் விலை சில ஆயிரம் ரூபாய். வாரம் ஒருமுறை பிரதியெடுக்க ஆகும் நேரம் அரைமணி. “என் பணம் இருக்கிறதா?” என்று எந்த அங்கத்தினரும் கேட்க நேராதிருக்க, இச்செலவு மிகையாகாது.