ஒரு கரண்டி உறைமோர்

வடமொழியில் 'சிக்ஷா' என்றால் கல்வி. அதே சொல் நம்முடைய நாவில் 'சிட்சை' என்று உருமாறியபோது, கல்வி என்ற பொருளை அகராதியோடு நிறுத்திக்கொண்டு, வழக்கில் தண்டனை என்ற பொருளையே பெரும்பாலும் சுமக்கலாயிற்று. கற்பித்தலையும் அடித்தலையும் நம் முன்னோர் எவ்வளவு அந்நியோந்நியமாகப் பிணைத்து வைத்திருந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சியம் தேட வேண்டியதில்லை. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிட்ட கோதண்டம் என்றோ ஒழிந்தது. ஆயினும், மகனைப் பள்ளியில் சேர்க்க வந்த தகப்பனார், "கண்ணை மட்டும் விட்டுட்டு மீதியை உரிச்சிடுங்க சார்" என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டு, ஏதோ ஒரு பெரிய கடமையை நிறைவேற்றிய திருப்தியோடு வெளியேறிய காட்சியை என் வயதுக்காரர்கள் பிரத்யக்ஷமாகக் கண்டிருக்கிறோம். அவர் கொடியவரல்லர். தமது வாத்ஸல்யத்தைத் தாம் அறிந்த ஒரே பாஷையில் சொன்னவர்.

அந்தப் பாஷைதான் இங்கே விசாரணைக்குரியது. 'அடியாத மாடு படியாது' என்ற பழமொழியின் முரட்டுத்தனம் வெளிப்படையானது. கேட்பவனுக்குக் குறைந்தபட்சம் தான் மாடாக்கப்படுகிறோம் என்பதாவது விளங்கும். 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்பதோ அப்படியன்று. மிகவும் மிருதுவானது, ஆகையால் அதிக அபாயமானது. முதுகில் பிரம்பின் தழும்போடு விம்முகிற ஐந்து வயதுக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பாட்டி சொல்கிற அதே வாக்கியம், பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்து, வீங்கிய கன்னத்தோடு பிறந்தகம் திரும்பி நிற்கும் பெண்ணுக்கும், ஓர் எழுத்தும் மாறாமல், ஆறுதலாகச் சொல்லப்படுகிறது. தாயைத் தகப்பன் அடிக்கக் கண்டு வளர்ந்த பெண்கள், அவ்வாறு காணாத பெண்களைக் காட்டிலும் ஏறக்குறைய இருமடங்கு கணவன் கையால் அடிபடுகிறார்கள் என்று 2005-06ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கண்டது. அடுத்து 2007இல் மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் நல அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை விசாரித்து வெளியிட்ட அறிக்கையில், மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒரு வகையில் அடிபட்டவர்களாக இருந்தார்கள். வீட்டில் அடித்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெற்றவர்களே. பலாத்காரம் என்ற வித்தையின் ஆரம்பப் பாடசாலை எங்கே இருக்கிறது என்பதை இவ்விரண்டையும் சேர்த்து வாசிப்பவர் ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தப் பாஷையை மறந்துவிட்ட தேசம் ஏதேனும் உண்டா என்று கேட்டால், முழுமையாக இல்லாவிடினும் பெரும்பாலும் மறந்த ஒரு தேசம் உண்டு என்று ஸ்வீடனைக் காட்டலாம். 1958இல் அங்கே பள்ளிக்கூடங்களிலிருந்து பிரம்பு வெளியேற்றப்பட்டது. பெற்றோர் அடிக்கலாம் என்ற அனுமதி 1966இல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் அடிக்கக் கூடாது என்றும் யாரும் எழுதிவைக்கவில்லை. அந்நாட்களில், 1965இல், அங்கே எடுத்த அபிப்பிராயக் கணிப்பில், பிள்ளை வளர்ப்புக்கு அடி அவசியம் என்றவர்கள் 53 சதவிகிதம் இருந்தார்கள் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். அவர்களும் நம்மவர்களே என்று சொல்லத் தோன்றுகிறது.

1978ஆம் ஆண்டு அக்டோபரில், ஜெர்மானியப் புத்தக வியாபாரிகள் வழங்கும் சமாதானப் பரிசைப் பெற பிராங்க்பர்ட் நகரத்துக்கு வந்த ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் என்ற ஸ்வீடன் எழுத்தாளர், உலகமெங்கும் குழந்தைகள் விரும்பிப் படிக்கும் 'பிப்பி' கதைகளை எழுதியவர், அந்தச் சபையில் யுத்தத்தைவிட வீட்டைப் பற்றியே அதிகம் பேசினார். தாம் ஒரு முதியவளிடம் கேட்டதாக அவர் சொன்ன கதை இது. ஏதோ குற்றத்துக்காக மகனை அடிக்கத் தீர்மானித்த ஒரு தாய், அடிப்பதற்கு வேண்டிய குச்சியையும் அவனே போய்த் தேடிக் கொண்டுவரட்டும் என்று அனுப்பினாள். நெடுநேரம் கழித்து அழுதுகொண்டே திரும்பிய பையன், குச்சி கிடைக்கவில்லை, இந்தக் கல்லை வேண்டுமானால் என்மேல் எறியலாம் என்று ஒரு கல்லை நீட்டினான். அம்மா தன்னை நோகடிக்க விரும்புகிறாள். நோகடிப்பதற்குக் குச்சியானால் என்ன, கல்லானால் என்ன என்பது அவனுடைய தர்க்கம். தாய் அவனை அணைத்துக்கொண்டு தானும் அழுதாள். பிறகு அந்தக் கல்லைச் சமையலறை அலமாரியில், தன் கண்ணில் படும்படி வைத்துக்கொண்டாள்.

அடுத்த ஆண்டு, 1979 ஜூலை 1ஆம் தேதி, பிள்ளையை அடிப்பதை வீட்டிலும் விலக்கிய முதல் தேசமாக ஸ்வீடன் ஆயிற்று. நம்மைப் போன்றவர்களுக்கு இதில் ஆச்சரியமான விஷயம், அந்த விதிக்கு அபராதமோ சிறையோ தனியாக விதிக்கப்படவில்லை என்பதே. அது குற்றவியல் சட்டத்தில் இடம்பெறாமல், பெற்றோரின் கடமைகளைக் கூறும் குடும்பச் சட்டத்தில் இடம்பெற்றது. தண்டிப்பதற்குப் பதிலாகத் தெரிவிப்பதில் அரசாங்கம் தன் சக்தியைச் செலவிட்டது. அடிக்காமல் பிள்ளை வளர்க்க முடியுமா என்று கேட்டு, அதற்கு விடையும் சொல்லும் ஒரு சிறு பிரசுரம் குழந்தைகள் உள்ள வீடுகளுக்கெல்லாம் அனுப்பப்பட்டது. குடியேறி வந்தவர்களின் பாஷைகளிலும் அச்சிட்டார்கள். அதனோடு நிற்காமல், பால் அடைத்து விற்கும் அட்டைப்பெட்டிகளின் மேல் இரண்டு மாத காலம் அந்தச் சட்டத்தைப் பற்றி அச்சிட்டு விட்டார்கள். எனக்கு இதில் மிகுந்த வியப்பு. காலை உணவு மேஜையில், தகப்பனும் தாயும் பிள்ளையும் ஒரே பெட்டியிலிருந்து பாலை ஊற்றிக்கொள்ளும்போது, பிள்ளையும் அதை எழுத்துக்கூட்டி வாசிக்கிறது! எந்த அரசாங்க கெஜட்டுக்கு இந்தப் பாக்கியம் கிட்டியிருக்கிறது? இரண்டு ஆண்டுகளுக்குள் பத்துக் குடும்பங்களில் ஒன்பதுக்கு மேல் அந்தச் சட்டத்தை அறிந்திருந்தன. 1994இல் அடியை ஆதரித்தவர்கள் 11 சதவிகிதமாகக் குறைந்துவிட்டார்கள்.

ஆட்சேபங்கள் எழாமல் இல்லை. தங்கள் மத நம்பிக்கையில் அரசு தலையிடுகிறது என்று சில பெற்றோர் ஐரோப்பிய மனித உரிமை ஆணையம்வரை சென்று, 1982இல் தோற்றுத் திரும்பினார்கள். எல்லாப் புகழையும் அந்த ஒரு சட்டத்துக்கே சூட்டுவதும் நியாயமன்று. பிள்ளை பிறந்ததும் தாயோ தகப்பனோ ஊதியத்தோடு வீட்டிலிருக்கலாம் என்ற ஏற்பாட்டை அதே தேசம் 1974இலேயே செய்திருந்தது. களைப்பும் கடனும் தனிமையும் எத்தனை கைகளை ஓங்கச் செய்கின்றன என்பதை, மாலை ஏழு மணிக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளையின் எதிரில் உட்கார்ந்த எந்தத் தாயும் அறிவாள். அந்த நேரத்தில் குழந்தையின் முதுகில் விழுகிற அடிகளில் பாதி, கணக்குக்காக விழுபவை அல்ல.

நம் தேசத்தின் நிலை பாதி வழியில் நிற்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனத்தை வதைப்பதையும் தடை செய்கிறது. வீட்டுக்குள் அப்படியொரு தடை இல்லை. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் நன்மைக்காகக் காப்பாளர் நல்லெண்ணத்தோடு செய்தது குற்றமாகாது என்ற பழைய தண்டனைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு, கொடுங்காயம் முதலிய சில விலக்குகளோடு, புதிய நியாய சம்ஹிதையில் 27ஆம் பிரிவாக அப்படியே குடிபுகுந்திருக்கிறது. அந்தச் சம்ஹிதை அமலுக்கு வந்ததும் ஒரு ஜூலை முதல் தேதிதான், 2024இல். காலண்டருக்குச் சில சமயம் பரிகாச புத்தி உண்டு. அண்டை நாடான நேபாளம் 2018இலேயே வீட்டு அடியையும் விலக்கிவிட்டது.

மனைவியை அடிப்பதற்கு எதிராக நம்மிடம் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அழைக்க 181 என்ற எண்ணும், குழந்தைகளுக்கு 1098 என்ற எண்ணும் இருக்கின்றன. இருப்பினும், சுவருக்கு அப்பால் அலறல் கேட்கும்போது, "குடும்பத்துக்குள்ள ஆயிரம் இருக்கும், நாம யாரு கேக்க?" என்று ஜன்னலைச் சாத்துகிற சம்பிரதாயத்தை எந்த எண் மாற்றும்? 2008இல் 'பெல் பஜாவோ', அதாவது 'மணியை அடியுங்கள்' என்ற பெயரில் ஓர் இயக்கம் வடக்கே தொடங்கி, தொலைக்காட்சியில் சிறு சிறு படங்களாக வந்தது. சத்தம் கேட்கும் வீட்டின் அழைப்பு மணியை அக்கம்பக்கத்தார் ஒருவர் அடித்து, ஏதோ ஓர் அற்பச் சாக்கைச் சொல்வார். உபதேசமோ சண்டையோ கிடையாது. கதவு திறக்கும், உள்ளே ஓங்கிய கை இறங்கும், அவ்வளவுதான்.

அதைப் பார்த்தபோது எனக்கு எங்கள் தெருப் பாட்டி ஒருத்தியின் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டுக்கு மூன்றாம் வீட்டில் கோபக்காரர் ஒருவர் இருந்தார். பெண்டாட்டியும் பிள்ளைகளும் அவருக்கு ஒரே கணக்கு. அங்கே சத்தம் கிளம்பிய சிறிது நேரத்துக்கெல்லாம், எதிர்வீட்டுப் பாட்டி கையில் ஒரு பித்தளை டம்ளரோடு தெருவைக் கடப்பாள். வாசற்படியில் நின்று, "ஏம்மா, ஒரு கரண்டி உறைமோர் இருந்தா குடேன்" என்று உரத்த குரலில் கேட்பாள். அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உறைமோர் கொண்டுவரும்வரை பாட்டி அவசரப்படமாட்டாள்; திண்ணையிலேயே உட்கார்ந்து, உள்ளேயிருந்த மனிதரிடம் மழையைப் பற்றியும் அவருடைய தாயாரின் மூட்டுவலியைப் பற்றியும் விசாரிப்பாள். அவரும் பதில் சொல்வார், வேறென்ன செய்வது? சிறுவர்களாகிய நாங்கள், பாட்டி வீட்டில் ஓயாமல் மோர் தீர்ந்துபோகிறதே என்று வெகுநாள் அதிசயப்பட்டிருக்கிறோம். அவள் கொல்லையில் அந்த வருஷமெல்லாம் இரண்டு பசுக்கள் கறந்துகொண்டிருந்தன.